தக்கலை அருகே கையால் உருவாகும் விண்வெளித் தொலைநோக்கி: ஒரு பட்டறையின் வேலை குறித்த மதிப்பீடு

சிறு செயற்கைக்கோளில் பொருத்துவதற்கான 80 மி.மீ. விட்டமுள்ள தொலைநோக்கி ஒன்றை எங்கள் கல்லூரி மாணவர் குழுவுக்கு வடிவமைத்துச் செய்துகொடுத்த, தக்கலைக்கும் நாகர்கோவிலுக்கும் இடைப்பட்ட ஒரு சிறு பட்டறையின் வேலையைப் பற்றியது இந்த மதிப்பீடு. வாங்கியது விண்ணுக்குச் செல்லும் கருவி அன்று. அதிர்விலும் வெப்பத்திலும் வைத்துச் சோதித்துப் பார்ப்பதற்கான பொறியியல் மாதிரி. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒளியைக் குவிக்கும் கண்ணாடியான ஆடியின் மெருகு நன்று. அந்த ஆடியைப் பிடித்து நிறுத்தியிருக்கும் விதம் மிக நன்று. எழுத்து ஆவணங்கள் போதா. பட்டறையின் பெயரை இங்கே தரவில்லை. ஒரு நேரத்தில் ஒரு கருவிக்கு மேல் எடுப்பதில்லை என்பதால், பெயர் பரவிக் கூட்டம் சேர்வதை உரிமையாளர் விரும்பவில்லை. அறிமுகத்தின் பேரில் மட்டுமே வேலை நடக்கிறது.

இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்துக்குச் செயற்கைக்கோள் புதிதன்று. குமாரகோவிலில் உள்ள நூருல் இஸ்லாம் பல்கலைக்கழகத்தின் 15 கிலோ எடையுள்ள நியுசாட், 2017 ஜூன் 23 அன்று பி.எஸ்.எல்.வி.-சி38 ஏவுகலத்தில் கார்ட்டோசாட்-2 வரிசைச் செயற்கைக்கோளுடன் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்றது. பயிர் நிலையைக் கண்காணிக்கவும் பேரிடர்க் காலத்தில் உதவவும் பல நிறப்பட்டைகளில் படமெடுப்பது அதன் நோக்கம். அதற்கும் முன்னால், 2009 ஏப்ரல் 20 அன்று, அண்ணா பல்கலைக்கழகத்தின் 40 கிலோ அனுசாட் சென்றிருந்தது. ஆனால் இன்று மாணவர் குழுக்கள் பெரும்பாலும் நினைப்பது இவற்றினும் சிறிய கியூப்சாட் வகையைத்தான். 1999-இல் கலிபோர்னியாவின் இரு பல்கலைக்கழகங்களில் வகுக்கப்பட்ட அந்த அளவுத்திட்டத்தில் அடிப்படை அலகு 10 செ.மீ. பக்கமுள்ள கனசதுரம், அதை மூன்றாக அடுக்கினால் 3யு. 2017 பிப்ரவரி 15 அன்று இஸ்ரோ ஒரே ஏவுதலில் அனுப்பிய 104 செயற்கைக்கோள்களில் 88, பிளானட் நிறுவனத்தின் இத்தகைய 3யு டவ் செயற்கைக்கோள்களே. இந்த வகையில் மின்கலம், கணினிப் பலகை, வானொலிக் கருவி ஆகியவற்றையெல்லாம் கடையில் வாங்கும் பொருள்போல் வாங்கிவிட முடிகிறது. தொலைநோக்கியை அப்படி வாங்கப் போனால், ஒரு கல்லூரியின் ஆண்டு நிதி முழுவதும் அதற்கே போய்விடும். எங்களை இந்தப் பட்டறையின் வாசலுக்குக் கொண்டு சேர்த்தது அந்தக் கணக்குதான்.

உரிமையாளர் திருவனந்தபுரத்தில் ஓர் ஒளியியல் பணிமனையில் நெடுங்காலம் வேலை பார்த்து ஊர் திரும்பியவர். மாணவர்களை ‘மக்களே’ என்றுதான் அழைக்கிறார். ஆனால் அந்தக் கனிவு வரைபடத்தைத் திருத்தும்போது இருப்பதில்லை. முதல் சந்திப்பில் அவர் கண்ணாடியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. எந்த உயரத்தில் சுற்றும், எதைப் பார்க்க வேண்டும், சென்சாரின் ஒரு பிக்சல் எவ்வளவு, உள்ளே வெப்பநிலை எத்தனை பாகை ஏறி இறங்கும் என்ற நான்கையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். நான்காவது கேள்விக்கு விடை வராதவரை விலை சொல்ல மாட்டேன் என்றார். பிற்பாடு கருவி கையில் வந்தபோது அந்தப் பிடிவாதத்தின் பொருள் விளங்கியது.

எங்கள் தேவை 500 கி.மீ. உயரத்துக்கானது. 80 மி.மீ. விட்டமுள்ள ஆடியால், பச்சை ஒளியில், அந்த உயரத்திலிருந்து ஏறத்தாழ 4.2 மீட்டர் இடைவெளியுள்ள இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்ட முடியும். ஒளியின் அலைத்தன்மை விதிக்கும் எல்லை அது, எவ்வளவு மெருகேற்றினாலும் மீற இயலாது. முழுக் கருவியின் குவியத் தொலைவை 400 மி.மீ. என வைத்து, 3.45 மைக்ரான் பிக்சல் உள்ள சென்சாரைப் பொருத்தினால், ஒரு பிக்சல் தரையில் 4.3 மீட்டரைக் காட்டும். இரண்டு எண்களும் நெருங்கி நிற்பது திட்டமிட்டதே. நம் ஊர்க் காட்சியில் சொன்னால், 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட, விவேகானந்தர் பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைக்கும் 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் படத்தில் 18 பிக்சல் நீளமும், அதன் 10 மீட்டர் அகலம் இரண்டு பிக்சலுக்குச் சற்று மேலும் இருக்கும். பாலம் தெரியும், பாலத்தில் நிற்பவர் தெரியார். செயற்கைக்கோளின் கீழே தரை வினாடிக்கு 7 கி.மீ. வேகத்தில் ஓடுவதால், படம் ஒரு பிக்சலுக்கு மேல் இழுபடாமல் இருக்க ஏறத்தாழ 0.6 மில்லிவினாடிக்குள் ஒளியைப் பிடித்தாக வேண்டும். ஆகவே குவியத் தொலைவை இன்னும் நீட்டி ஒளியை மங்கச் செய்யவும் வழியில்லை.

மாணவர்கள் மென்பொருளில் வரைந்து கொண்டுபோனது, பரவளைய முதன்மை ஆடியும் அதிபரவளையத் துணை ஆடியும் உள்ள வழக்கமான காசிகிரெய்ன் அமைப்பு. அதில் பெரிய முதன்மை ஆடி திரட்டும் ஒளியை முன்னாலுள்ள சிறிய துணை ஆடி திருப்பி, பின்னாலுள்ள சென்சாருக்கு அனுப்பும். முதன்மை ஆடியின் குவியத் தொலைவு 160 மி.மீ.; இரு ஆடிகளுக்கும் இடைவெளி 105 மி.மீ.; கச்சிதமான வரைபடம். பட்டறைக்காரர் அதை இரண்டு காரணங்களால் தள்ளினார். விட்டத்தோடு ஒப்பிடக் குவியத் தொலைவு இவ்வளவு குறைந்தால், கோள வடிவத்திலிருந்து பரவளையத்துக்குப் போக விளிம்பில் ஏறத்தாழ 10 மைக்ரான் விலக வேண்டியிருக்கும். குவியத் தொலைவை 200 மி.மீ. ஆக்கினால் அது 5 மைக்ரானாகப் பாதியாகிறது. அடுத்ததாக, குவிந்த அதிபரவளையத் துணை ஆடியைச் சோதிப்பதற்கே அதைவிடப் பெரிய, துல்லியமான இன்னொரு கோள ஆடி வேண்டும்; சோதிக்க முடியாத பரப்பைத் தம்மால் விற்க முடியாது என்றார்.

அவர் முன்வைத்தது டால்-கிர்க்கம் எனப்படும் மாற்று. இதில் முதன்மை ஆடி நீள்வட்டத் திருப்பு வடிவம். துணை ஆடி வெறும் கோளம். கோளப் பரப்பை, அதற்கு இணையான குழிந்த பரப்பின் மேல் வைத்து, இடையே தோன்றும், நியூட்டன் வளையங்கள் எனப்படும் ஒளிவளையங்களைப் பார்த்தே சரிபார்த்துவிடலாம். முதன்மை ஆடிக்கும், பரவளையத்துக்குத் தேவையான விலகலில் பாதிக்குச் சற்று மேல் இருந்தால் போதும். இந்த எளிமைக்கு விலை உண்டு: மையத்திலிருந்து விலகிய இடங்களில் புள்ளி வால் முளைத்ததுபோல் நீளும் கோமாப் பிழை, டால்-கிர்க்கம் அமைப்பில் மிகுதி. அதை அடக்கச் சென்சாருக்கு முன்னால் இரண்டு சிறு வில்லைகளைச் சேர்த்தார். அவற்றின் பரப்புகளும் கோளமே. முதன்மை ஆடியின் குவியத் தொலைவு 200 மி.மீ. ஆனதால் ஆடிகளின் இடைவெளி 123 மி.மீ. ஆக நீண்டது, 3யு உடலில் எங்களுக்கு 18 மி.மீ. நட்டம். மாணவர்களுக்கு அது முதலில் கசந்தது. என் மதிப்பீட்டில் இந்தச் சேவையில் நாங்கள் கொடுத்த பணத்துக்குப் பெற்ற முதல் பெரிய பலன் இந்த உரையாடல்தான். ஏனெனில் கணினித் திரையில் உள்ள எந்தப் பரப்பும் செய்வதற்கு ஒரே அளவு எளிதாகத்தான் தோன்றும்.

கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றும் வேலையைப் பற்றி எழுதினால் நீளும். முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். ஒரே அளவுள்ள இரண்டு கண்ணாடி வட்டுகளுக்கு இடையே கார்பொரண்டம் என்னும் கடினமான தேய்ப்புத் தூளும் நீரும் இட்டு மேல்வட்டை முன்னும் பின்னும் தேய்த்துத் திருப்பிக்கொண்டே இருந்தால், மேலது குழியும், கீழது குவியும். 80 ஆம் எண் பருந்தூளில் தொடங்கி 500 ஆம் எண்ணுக்கும் அப்பால் போய், பிறகு பிசின் பூசிய தகட்டில் சீரியம் ஆக்சைடு கொண்டு மெருகேற்றுகிறார்கள். கோளம் வரும்வரை இயந்திரத்துக்கும் கைக்கும் வேறுபாடில்லை. கோளத்திலிருந்து நீள்வட்டத்துக்குப் போகும் அந்த மூன்று மைக்ரானுக்கும் குறைவான பகுதியில்தான் கைவேலை தொடங்குகிறது: சிறிது நேரம் தேய்ப்பது, வைத்துவிட்டுக் காத்திருப்பது, பார்ப்பது. காத்திருக்காமல் பார்த்தால் விரல் சூட்டில் வீங்கிய இடம் மேடாகத் தெரிந்து, இல்லாத பிழையைத் திருத்தப் போய் உண்மையான பள்ளத்தை உண்டாக்கிவிடும். பிசினின் இளக்கமும் வெப்பத்தோடு மாறுவது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் குளிர்நாட்டு அளவுமுறைப்படி காய்ச்சிய பிசின் தகடு தளர்ந்து, விளிம்பைக் கவிழ்த்துவிடும். ஆகவே பைன் மரப் பிசினான ரோசனத்தின் பங்கைக் கூட்டிக் கடினப்படுத்திக்கொள்கிறார், மெருகு வேலையை விடியற்காலையில் மட்டும் செய்கிறார்.

சோதனை முறை பழையது, நம்பத்தக்கது. லெயோன் ஃபூக்கோ 1858-இல் விளக்கிய கத்திமுனைச் சோதனையே இங்கும் அடிப்படை. ஆடியின் வளைவு மையத்தில் ஒரு நுண்ணிய ஒளிப்புள்ளியை வைத்து, திரும்பிவரும் ஒளியைக் கத்தி விளிம்பால் வெட்டினால், பரப்பில் உள்ள மேடு பள்ளங்கள் நிழலாக எழுந்து நிற்கும். பரவளையமாக இருந்திருந்தால் மையத்துக்கும் விளிம்புக்கும் இடையே கத்தி 4 மி.மீ. நகர வேண்டியிருக்கும், எங்கள் நீள்வட்ட ஆடிக்கு 2 மி.மீ. சொச்சம். பரப்பின் பிழை அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்குக்குள், அதாவது 70 நானோமீட்டருக்குள் அடங்க வேண்டும் என்பது உடன்பாடு. வேறோர் ஊரின் ஆய்வகத்தில் பரப்பின் நுண்ணிய மேடுபள்ளங்களை அளக்கும் லேசர் குறுக்கீட்டுமானியில் வைத்துப் பார்த்தபோது, விளிம்பில் மிகக் குறுகிய ஒரு வளையத்தைத் தவிர எஞ்சிய பரப்பு முழுவதும் அந்த வரம்புக்குள் இருந்தது. அந்த வளையத்தை மறைப்புத் தகட்டால் மூடிவிடலாம் என்று பட்டறையே முன்கூட்டி எழுதிக் கொடுத்திருந்தது என்பதையும் குறிப்பிட வேண்டும்.

முழுக் கருவியையும் குவிக்கும் நாள் வந்தபோது, சன்னலுக்கு வெளியே தெரிந்த வேளிமலையைப் பார்த்துக் குவித்துவிடலாமே என்று மாணவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. 400 மி.மீ. குவியத் தொலைவுக்கு, 2 கி.மீ. தொலைவிலுள்ள பொருளின் பிம்பம் விண்மீனின் பிம்பத்தைவிட 80 மைக்ரான் பின்னால் விழுகிறது. எங்கள் கருவியில் கூர்மை குன்றாமல் சென்சார் நகர இடமோ இருபுறமும் 27 மைக்ரான் மட்டுமே. 5 கி.மீ. தொலைவு மலைகூடப் போதாது. ஆகவே விண்மீனைத்தான் நாட வேண்டும். நம் அகலக்கோட்டில் ஆதிரை விண்மீன் ஏறத்தாழ உச்சி வழியாகவே கடப்பதால், பிப்ரவரி மாத முன்னிரவில் காற்றின் மிகக் குறைந்த தடிப்பின் ஊடே அதைப் பார்க்க முடிகிறது. உச்சியை நோக்கி நிறுத்தும்போது ஆடி தன் எடையால் ஒருபுறம் சாய்வதும் இல்லை. வானம் திறக்காத நாள்களுக்கென்று விண்மீன் ஒளியைப்போல் இணையான கதிர்களைத் தரும் இணைகதிர்க் குழாய் ஒன்றும் பட்டறையில் இருக்கிறது. அதையும் விண்மீனை வைத்தே அளவு திருத்திக்கொள்கிறார்கள்.

இனிச் சொல்லப்போவதே இந்தப் பட்டறையை மற்ற தொலைநோக்கி ஆர்வலர்களிடமிருந்து பிரித்துக் காட்டுவது. மொட்டைமாடியில் வைக்கும் கருவியில் குவியம் நகர்ந்தால் திருகைத் திருப்பிக்கொள்ளலாம், 500 கி.மீ. உயரத்தில் திருக ஆளில்லை. இரு ஆடிகளையும் தாங்கும் சட்டம் அலுமினியமானால், 20 பாகை வெப்பநிலை மாற்றத்தில் 123 மி.மீ. இடைவெளி 57 மைக்ரான் நீளும். இந்த அமைப்பில் துணை ஆடியின் இடமாற்றம் சென்சாரில் ஐந்து மடங்காகப் பெருகும் என்பதால், குவியம் 0.28 மி.மீ. விலகிவிடும், அனுமதியைப்போல் பத்து மடங்கு. இரும்பும் நிக்கலும் கலந்த இன்வார் உலோகத்தில் அதே மாற்றம் 3 மைக்ரான். பெருகினாலும் 15 மைக்ரான். எனவே மூன்று இன்வார் தண்டுகள். கார்பன் இழைக் குழாய் இதைவிட இலேசானது, அதைத்தான் நாங்கள் விரும்பினோம்; ஆனால் அதன் பிசின் காற்றின் ஈரத்தை உறிஞ்சி ஊதி, வெற்றிடத்தில் ஈரம் வெளியேறியதும் சுருங்கும் என்றும், இரு பருவமழைகளும் பெய்யும் கடலோர ஊரில் அதை உலர்த்தி வைத்துச் செய்ய இங்கே வசதி இல்லை என்றும் சொல்லி மறுத்துவிட்டார். தன்னிடம் இல்லாத வசதியை வெளிப்படையாகச் சொல்லும் தொழிலகம் அரிது.

ஆடியைத் தண்டுச் சட்டத்தோடு சேர்க்கும் முறையும் அதே கவனத்தோடு இருக்கிறது. கடினமான எப்பாக்சி கொண்டு மூன்று இடங்களில் ஒட்டினால், அது இறுகிச் சுருங்கும்போது ஆடியை மூன்று திசையிலும் இழுத்து, விண்மீன் பிம்பத்தை முக்கோணமாக்கிவிடும். இங்கே விளிம்பில் மூன்று இடங்களில் சிலிக்கோன் திண்டுகள். கண்ணாடியும் உலோகமும் வேறுவேறு அளவில் விரிவதைத் திண்டு தானே ஈடுசெய்யும்படி அதன் தடிப்பைக் கணக்கிட்டிருக்கிறார்கள். வெற்றிடத்தில் ஆவி கக்காத வகைச் சிலிக்கோன் அது. மொத்த எடையிழப்பு 1 சதவீதத்துக்கும், குளிர்ந்த பரப்பில் மீண்டும் படியும் பொருள் 0.1 சதவீதத்துக்கும் உட்பட வேண்டும் என்ற வழக்கமான வரம்புக்குச் சான்று கேட்டபோது, உற்பத்தியாளரின் தாளை எடுத்துக் காட்டினார். அதிர்வு மேடையில் 14.1 ஜி (ஜி: புவியீர்ப்பு முடுக்கம்) என்ற பொதுவான தகுதிநிலை அளவில் மூன்று அச்சுகளிலும் உலுக்கிய பிறகு, குவியம் அனுமதிக்குள்ளேயே நின்றது. ஆடிகள் ஒரே அச்சில் நேராக நிற்பதும் கலையவில்லை. நான் பார்த்த மாணவர் கருவிகளில் பலவும் தோற்பது இந்த இடத்தில்தான்.

குறைகளுக்கு வருகிறேன். முதலாவது, சிதறொளி. காசிகிரெய்ன் வகைக் கருவியில் துணை ஆடியின் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு வெளியொளி நேராகச் சென்சாரில் விழ வழியுண்டு. கீழே மேகமும் கடலும் பளிச்சிடும்போது அது படத்தின் மேல் வெண்திரையாகப் படியும். மறைப்புக் குழாய் வைத்திருந்தார்கள். ஆனால் அதன் உட்புறத் திருகுவரிகள் சரியாகக் கறுப்பாக்கப்படாமல் மின்னின. சொன்னதும் கட்டணமின்றி மாற்றித் தந்தார்கள் என்றாலும், ஆடியில் காட்டிய அக்கறையில் கால்பங்கு இங்கே காட்டப்படவில்லை என்பது என் எண்ணம்.

இரண்டாவது, பூச்சு. வெற்றிடத்தில் அலுமினியம் ஆவியாக்கிப் பூசும் கலம் பட்டறையில் இல்லை. ஆடிகள் வெளியூர் போய்த் திரும்ப வேண்டும். உப்புக் காற்று அடிக்கும் மாவட்டத்தில் மேல்காப்புப் பூச்சில்லாத அலுமினியம் விரைவில் மங்கும் என்பதால், சிலிக்கான் ஆக்சைடு மேல்பூச்சையும் சேர்த்துக் கேட்டு வாங்க வேண்டும். அதைத் தாமாகவே விலைப்பட்டியலில் சேர்த்திருக்கலாம். சொன்ன காலத்தைவிடக் கருவி தாமதமாக வந்ததற்கும் பூச்சும் மழையுமே காரணம்.

மூன்றாவதும் பெரியதும் ஆவணம். ஒவ்வொரு நாளின் சோதனை அளவும் நோட்டுப் புத்தகத்தில் பேனாவால் எழுதப்பட்டிருக்கிறது. நேர்மையான பதிவு, ஆனால் ஏவுதலுக்கு முன் நடக்கும் ஆய்வில் அதை யாரும் ஏற்க மாட்டார்கள். பயன்படுத்திய பொருள்களின் பட்டியல், ஒட்டுப்பசையின் தொகுதி எண், திருகுகளை முறுக்கிய விசை, சோதனைக் கருவியின் அளவுத்திருத்தச் சான்று ஆகிய எல்லாம் தனித்தனித் தாளாக வேண்டும். இதை மாணவர்களே அருகில் உட்கார்ந்து எழுதிச் சேர்த்தார்கள். அவர்களுக்கு நல்ல பயிற்சி. ஆனால் அருகில் இருக்கும் கல்லூரிக்கு முடிந்தது தொலைவூர்க் குழுவுக்கு முடியாது.

விலை கருவிக்குக் கருவி மாறுவதால் எண் தருவதில் பயனில்லை. கண்ணாடி, உலோகம், பூச்சு ஆகியவற்றுக்கு வாங்கிய விலையே. உழைப்புக்குத் தனித் தொகை. வடிவமைப்பு முடிந்ததும், ஆடி சோதனையில் தேறியதும், கருவி ஒப்படைத்ததும் என மூன்று தவணை. ஆடி வரம்புக்குள் வராவிட்டால் இரண்டாம் தவணை கிடையாது என்று அவரே எழுதிக் கையெழுத்திட்டார். வேலை கொடுக்க எண்ணுவோர் தென்மேற்குப் பருவமழைக்கு முன்பே வரைபடத்தை முடித்துக்கொண்டு, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தைக்குப் பிறகு விண்மீன் சோதனை வருமாறு காலத்தை வகுத்துக்கொள்வது நல்லது. பள்ளி மாணவருக்குக் காட்டும் கருவி வேண்டுவோர் இங்கே போக வேண்டாம். அதற்கு இவ்வளவு துல்லியமும் செலவும் தேவையில்லை, அவரும் அனுப்பிவிடுவார்.

விண்ணுக்குச் செல்லும் கருவிக்கான வேலையையும் இதே பட்டறைக்குக் கொடுத்திருக்கிறோம். மாதிரியில் இருந்த போரோசிலிக்கேட் கண்ணாடியின் இடத்தில் இம்முறை உருக்கிய சிலிக்கா. 20 பாகை மாற்றத்தில் முதன்மை ஆடியின் குவியம் முன்னதில் 13 மைக்ரான் நகர்ந்து, துணை ஆடியால் நான்கு மடங்காகி 50 மைக்ரானைத் தாண்டும், பின்னதில் அது 9 மைக்ரானோடு நிற்கும். தேய்க்கக் கடினமான பொருள் என்பதால் கூடுதல் காலம் கேட்டார், கொடுத்தோம். ஒப்பந்தத்தில் இரண்டு வரிகளை நாங்கள் சேர்த்தோம்: உட்புறம் முழுவதும் கறுப்பாக்கி, சிதறொளிச் சோதனை முடிந்த பிறகே ஒப்படைப்பு, நோட்டுப் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் அன்றன்றே தட்டச்சுப் படி. முதல் வரிக்கு உடனே ஒப்புக்கொண்டார். இரண்டாவதற்கு, தட்டச்சு செய்ய ஒரு மாணவரை அனுப்புவதானால் சரி என்றார்.